குடிவந்த நாளில் இருந்த நிலை: வாடகை வீட்டின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது நம் ஊரில் பேச்சு அட்வான்ஸில் தொடங்கி, தண்ணீர் எப்போது வரும், கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, அசைவம் சமைக்கலாமா என்று போய் முடிந்துவிடும். "பாத்ரூம் லைனுக்கு எர்த் இருக்கா?" என்று கேட்டு வீடு பார்ப்பவரை நான் கண்டதில்லை. கேட்டால் அந்த வீடு கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். ஏதோ வம்பு பிடித்த ஆள் என்று நினைத்து, "இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

குடித்தனக்காரர் கேட்காவிட்டாலும் சட்டம் கேட்குமே என்று நினைக்கலாம். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தை எடுத்துப் படித்தால், அதுவும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் யோசித்திருக்கிறது. பணத்தைப் பற்றி விரிவாகவும், காலி செய்வதைப் பற்றி இன்னும் விரிவாகவும் பேசுகிறது. வீட்டில் இருப்பவர் உயிரோடு இருக்க வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் தனியாக ஒரு பட்டியல் கிடையாது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. நம் வாடகைச் சட்டங்கள் பிறந்ததே இரண்டாம் உலகப் போர்க் கால வீட்டுத் தட்டுப்பாட்டில். வாடகை ஏறாமல் பார்த்துக்கொள்வதும், இருப்பவரைத் தெருவில் விடாமல் காப்பதும்தான் நோக்கம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதே தடத்தில் வந்தது. 'நியாய வாடகை'யை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆமாம், ஒரு மாதம்தான்! அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலம் முழுக்கச் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வ சாதாரணமாகக் கைமாறிக்கொண்டிருந்தது என்பது தனிக்கதை. கூடவே இன்னொன்றும் நடந்தது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வாடகையே நீடித்த பழைய வீடுகளில் உரிமையாளர் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற மனம் வைக்கவில்லை. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மரம் முளைத்து நிற்கும் மாடிகளில் சிலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு வாடகைத் தகராறு இருக்கும். வாடகை கட்டுப்பட்டது, பராமரிப்பு செத்தது.

இப்போது நடப்பில் இருப்பது நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை இருவரும் பேசி முடிவு செய்வது, அரசு தலையிடாது. ஆனால் பேசியதை எழுத வேண்டும், எழுதியதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவுச் சட்டம் அங்கே பதிவைக் கேட்கிறது, அதிலிருந்து தப்பிக்கத்தான் பதினோரு மாதம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்குப் பதினோரு மாதமும் ஒன்றுதான், மூன்று வருடமும் ஒன்றுதான்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். உடனே சந்தோஷப்பட வேண்டாம். 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற சொற்கள் அந்த வரியிலேயே இருக்கின்றன. ஆறு மாதம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதிதான் அதில் உருப்படியானது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்கு வெளியே, இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் புறநகரில் வீடு இருந்தால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதிகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 2017 சட்டத்தின் 15ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும்தான் இதில் முக்கியம். தேய்மானம் போக, வாடகை தொடங்கிய நாளில் இருந்த அதே நல்ல நிலையில் வீட்டை இருவரும் வைத்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுகோல் எது என்று பாருங்கள்: குடிவந்த நாளில் இருந்த நிலை. அன்றைக்கே எர்த் இல்லை என்றால்? மாடிப்படிக்குக் கைப்பிடி அன்றைக்கே இல்லை என்றால்? இந்தக் குறைந்தபட்சத் தகுதி இல்லாமல் ஒரு வீட்டை வாடகைக்கு விடவே கூடாது என்று வாடகைச் சட்டம் சொல்லவில்லை. கட்டட விதிகள், மின் விதிகள், சுகாதாரச் சட்டம் என்று ஆளுக்கொரு மூலையில் அது சிதறிக் கிடக்கிறது. புதுக் கட்டடம் கட்டும்போது அவற்றில் சிலவற்றைச் சரிபார்க்க ஆள் வரும். முப்பது வருடத்துப் பழைய வீட்டில் ஐந்தாவது குடித்தனம் வரும்போது யாரும் வருவதில்லை.

இரண்டாம் அட்டவணை வேலையைப் பங்கு பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சர்க்யூட் பிரேக்கர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், உடைந்த கண்ணாடி, பூட்டு போன்றவற்றின் பழுது வாடகைதாரர் பொறுப்பு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளும் வழக்கம் இந்த அட்டவணைக்கு நேர் எதிரானது என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் வேறு. எழுதாமலே பிடிப்பதுதான் அதிகம் நடக்கிறது.

பணத்தகராறுக்கு இந்தப் பங்கீடு போதும். உயிருக்கு என்றால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயர் வீட்டுக்காரருடையது. அது வந்து முடியும் ஸ்விட்ச், மாட்டியிருக்கும் பிரேக்கர், சூடாக்கும் கீசர் எல்லாம் குடித்தனக்காரருடையது. பொறுப்பின் எல்லைக்கோடு ஸ்விட்ச் போர்டுக்கு நடுவே போகிறது. ஷாக் அடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். கீசரின் ஹீட்டிங் காயில் உப்புத் தண்ணீரில் அரித்து ஓட்டை விழுகிறது. மின்சாரம் தண்ணீரிலும் கீசரின் உலோக உடம்பிலும் கசிகிறது. எர்த் சரியாக இருந்தால் கசிவு அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை, அல்லது வீடு கட்டும்போது புதைத்த எர்த் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் பல கோடை கடந்துவிட்டது என்றால், ஈரக்காலோடு குழாயைத் தொடுபவர் உடம்பு வழியாகப் போகும். "அதான் ட்ரிப்பர் இருக்கே" என்பார்கள். பெரும்பாலான பழைய வீட்டு மெயின் போர்டில் இருப்பது எம்.சி.பி. அது வயர் சூடாகிப் பற்றிக்கொள்ளாமல் காப்பதற்கு. பத்து, பதினாறு ஆம்பியர் தாண்டினால்தான் விழும். மனிதனின் நெஞ்சை நிறுத்த அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற வேறு சாதனம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். அழுத்தினால் விழ வேண்டும், விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். குறிப்பிட்ட பளுவுக்கு மேல் உள்ள இணைப்புகளுக்கு இத்தகைய சாதனத்தை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. வீடுகளில் மாட்டச் சொல்லி நம் மின்வாரியமும் திரும்பத் திரும்ப அறிவுறுத்துகிறது. ஆனால் வாடகைக்கு விடும் முன் அது இருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் கதவைத் தட்டுவதில்லை. அட்டவணைப்படி பிரேக்கர் பழுது குடித்தனக்காரர் தலையில். இல்லவே இல்லாத சாதனத்தை யார் வாங்கி மாட்டுவது? அட்டவணையில் பதில் இல்லை.

போர்ஷன் வீடுகளில் இது இன்னும் மோசம். ஒரு ஈ.பி. இணைப்பு, அதிலிருந்து நான்கு சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் குமுறுவார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது சப் மீட்டரைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை. நியாயமான குமுறல்தான். ஆனால் அந்த லைன்களில் பலவற்றில் பேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்திருப்பார்கள், எர்த் வயர் பக்கத்துப் போர்ஷனோடு நின்றிருக்கும். மொட்டை மாடியில் தகரம் போட்டு எழுப்பிய ஒற்றை அறைக்கு லைன் எப்படிப் போயிருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

கட்டட அமைப்பு விஷயத்தில் சட்டம் தெளிவு. கூரைத் தளத்தில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது உரிமையாளர் வேலை, பேச்சுக்கே இடமில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி மேலே மூடியிருக்கும் சிமென்ட்டைத் தள்ளிவிடும். முதலில் கோடு கோடாக விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அதற்கும் அப்புறம் படுத்திருப்பவர் மேல் ஒரு கட்டி. கறை வரும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினால் தேதியும் நிற்கும்.

வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று சட்டம் வழி சொல்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 12,000. தளத்தைச் சரிசெய்ய 60,000 ஆகிறது என்றால், கையிலிருந்து போட்டுவிட்டு மாதம் 6,000 வீதம் பத்து மாதம் கழிக்க வேண்டும். நடுவில் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவாரா, அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா? குழாய் மாற்ற இந்த விதி உதவும், கூரைக்கு உதவாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால் பதினைந்து நாள் நோட்டீஸில் வெளியேறிவிடலாம் என்றும் இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த உரிமையின் மதிப்பு தெரியும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் சட்டம் கடுமையானது, அதைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் அறிவு மிகக் குறைவு. தொட்டி நிரம்பினால் யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் ஆளை இறக்கினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலிக்கு ஆள் பிடித்த மேஸ்திரி மட்டும் மாட்டுவதில்லை. வேலை வைத்தவர் என்ற முறையில் வீட்டுக்காரரும் மாட்டுவார். பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறப்பு நேர்ந்தால் இழப்பீடு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வாடகை வீட்டில் குடித்தனக்காரர் "டேங்க் நிரம்பிடுச்சு சார்" என்று போன் செய்வார். "பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு முடிச்சிடுங்க, காசை வாடகையில கழிச்சுக்கலாம்" என்று பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் இருவருமே சிக்கிக்கொள்கிறார்கள். உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்ப்பதுகூடக் கூடாது, உள்ளே இருக்கும் வாயு அவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கும்.

தரைமட்டத்து சம்ப் மூடி, இடுப்பளவுக்கும் குறைவான மாடிச் சுவர் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, குழந்தை உள்ள எவருக்கும் தெரியும். லிப்ட் இருக்கும் கட்டடம் என்றால் அதற்கு உரிமம் வேண்டும். சொந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டிருப்பவர் அந்தக் காகிதத்தை லிப்ட்டிலேயே ஒட்டி வைத்தால் கேள்வியே வராது.

பழைய 1882 சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. சொத்தில் உள்ள முக்கியக் குறைபாடு உரிமையாளருக்குத் தெரிந்து, குத்தகைக்கு வருபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் எதை மனதில் வைத்து எழுதினார்களோ தெரியாது. எனக்கு நினைவுக்கு வருவது வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கத்துத் தரைத்தளங்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது, 2023 மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். புதுப் பெயின்ட் அடித்தபின் வருபவருக்கு எப்படித் தெரியும்? இந்த விதியின்படி அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. கேட்காமல் யாரும் சொல்வதில்லை என்பது நடைமுறை. கேட்கலாம், மெசேஜில் கேட்கலாம்; பதிலும் மெசேஜில் வரட்டும்.

வீட்டில் நான்கு பெண்களைத் தங்க வைத்துச் சாப்பாடும் போட ஆரம்பித்தால் அது வீடு என்ற கணக்கிலிருந்து விடுதிக்கு நகர்ந்துவிடும். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதி, இல்லங்களை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கேட்கிறது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் உயிரிழப்பு ஏற்பட்டது. பழுதடைந்த கட்டடம் என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்த இடம் அது. விபத்துக்குப் பின் எல்லா ஊரிலும் விடுதிகளைச் சோதித்தார்கள். விடுதி என்று போர்டு வைக்காத போர்ஷன்களைச் சோதிக்க வாடகைச் சட்டத்தில் யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை.

அரசு வாடகை வீடுகளை எட்டிப் பார்க்கும் தருணம் ஒன்று இருக்கிறது, அது வேறு காரணத்துக்காக. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன் பிறகு சென்னையில் குடித்தனக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி ஆணையர் உத்தரவு வந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். இலங்கையிலிருந்து சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளே யார் இருக்கிறார் என்ற கேள்விக்குக் காவல் நிலையம், படிவம், கெடு எல்லாம் இருக்கின்றன. அவர் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார் என்ற கேள்விக்குப் படிவமே இல்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே கேஸ் அடுப்பு, பாய்லர் எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும், நகல் குடித்தனக்காரருக்குப் போக வேண்டும். வயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். மனிதர் வசிக்கத் தகுந்த வீடாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது; வாடகை தொடங்கும்போதும், அது நடக்கும் காலம் முழுக்கவும். அட்வான்ஸ்கூட வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விடப்படுவதில்லை, அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் காப்பில் இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் அங்கே ஈரப் பூஞ்சை பிடித்த வீடுகள் இல்லாமல் போகவில்லை. ஆனால் சண்டை போட ஒரு அளவுகோல் கையில் இருக்கிறது.

நம்மிடம் அளவுகோல் குடிவந்த நாள்தான் என்றால், அந்த நாளைத்தான் எழுதிவைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நான்கு பக்கம் 'மேற்படி', 'இதனடியில்' என்று ஓடும். வீட்டின் நிலையைப் பற்றி 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரே வரி. அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டபின், வயரிங் அன்றைக்கே கெட்டிருந்தது என்று நிரூபிப்பது சுலபமில்லை. அதற்குப் பதிலாக ஒரு பக்கம் இணைக்கலாம்: ஆர்.சி.சி.பி. இருக்கிறது, டெஸ்ட் பொத்தான் அழுத்திப் பார்த்தோம். கீசருக்கு எர்த் இருக்கிறது. பின் அறைத் தளத்தில் விரிசல் இருக்கிறது, படம் இணைப்பு. செப்டிக் டேங்க் லாரியை உரிமையாளர் கூப்பிடுவார். இது வாடகைதாரருக்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஏதாவது நடந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்குரியது. பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டாக இருந்தது. போலீஸ் கேட்கப்போகும் முதல் கேள்வி, உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்பதுதான். தேதியோடு ஒரு எலக்ட்ரீஷியன் பில் அப்போது பேசும்.

சோதனைக்கு உள்ளே வர வேண்டும் என்றால் வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், பகல் பொழுதில்தான் வர வேண்டும். சாவி இருக்கிறது என்று திறந்துகொண்டு வரக் கூடாது. வாடகை பாக்கி என்று மோட்டாரை நிறுத்துவதும் பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போவதும் அதே சட்டத்தில் தடை. வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டால் உடனே இணைப்பைத் திருப்பித் தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

உரிமையாளர் துபாயிலோ டல்லாஸிலோ இருந்து, இங்கே மாமாவோ தெருமுனைத் தரகரோ சாவியை வைத்திருக்கும் வீடுகள்தான் கடைசிச் சிக்கல். சட்டம் 'சொத்து மேலாளர்' என்ற ஒருவரை ஏற்றுக்கொள்கிறது. அவர் வாடகை வாங்கலாம், பழுது பார்க்கலாம். ஆனால் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு, பழுது என்றதும் "நான் அவர்கிட்டச் சொல்றேன்" என்பவர் மேலாளரா வெறும் வசூலரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்: எவ்வளவு தொகை வரை அவரே செலவு செய்யலாம், எத்தனை நாளில் ஆள் அனுப்ப வேண்டும் என்று. எழுதாவிட்டால் நோட்டீஸ் போக வேண்டிய முகவரி டல்லாஸ்தான்.